செம்போத்துக்கு ஆட்சேபணை இல்லை

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு மரம் இருந்தது.

மரம் இன்னும் அங்கேயேதான் நின்றது. ஆனால் அதன் பொந்தில் ஆந்தை அதிகாரியாக வந்து உட்கார்ந்த பிறகு யாரும் அதை மரம் என்று சொல்வதில்லை. எந்தப் பறவை கூடு கட்டுவதானாலும் அங்கே போய் அனுமதி வாங்க வேண்டும். அலுவலக நேரம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. ஆந்தை தூங்கும் நேரமும் அதுதான். ஆகவே பறவைகள் வரிசையில் நின்றுகொண்டு, அதிகாரி புரண்டு படுக்கும்போது ஒரு கண்ணாவது திறக்குமா என்று காத்திருக்கும். கீழ்க்கிளையில் எழுத்தர் மரங்கொத்தி. முத்திரை குத்துவதில் அவருக்கு நிகர் கிடையாது. எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் ஏழு முறை குத்திவிட்டுத்தான் அது என்ன தாள் என்று கேட்பார்.

படிவம் எளிமையானது. கூடு இருக்கும் இடம். தரையிலிருந்து எத்தனை அடி. முட்டைகள் எத்தனை. குஞ்சு பொரிக்கும் உத்தேச நாள். தாய்ப்பறவை இரை தேட வெளியே போகும் நேரம், திரும்பும் நேரம். நிரப்பிக் கொடுத்த படிவத்தை அலுவலக வாசலில் ஏழு நாள் தொங்கவிடுவார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம்.

இதுவரை ஒருவரும் ஆட்சேபித்ததில்லை. சாரைப்பாம்பு தவறாமல் வந்து வாசித்துவிட்டு, ‘மிக்க மகிழ்ச்சி’ என்று கீழே எழுதிவிட்டுப் போகும். செம்போத்து இன்னும் பண்பானவர். ‘எனக்கு ஆட்சேபணை இல்லை. விரைவில் நேரில் வந்து வாழ்த்துவேன்’ என்று எழுதுவார்.

அந்தக் காட்டில் மஞ்சி என்றொரு தேன்சிட்டு இருந்தாள். கட்டைவிரல் அளவு உடம்பு, மஞ்சள் வயிறு. அவள் கணவன் மினுக்கன் வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாக மின்னுவான். அதைத் தவிர அவனுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை.

மஞ்சி சட்டத்தை மதிப்பவள். முதல் வருடம் படிவத்தைச் சரியாக நிரப்பினாள். சாரைப்பாம்பு சரியான நேரத்துக்கு வந்தது. இரண்டாம் வருடம் இன்னும் கவனமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினாள். செம்போத்து வந்தார். மறுநாள் துக்கம் விசாரிக்கவும் அவரே வந்தார்.

“என்ன பண்றதும்மா, எல்லாம் விதி” என்றார். அவர் அலகின் ஓரத்தில் முட்டை ஓட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மினுக்கன் அதைப் பார்த்தான். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மஞ்சி அலுவலகத்துக்குப் போய் முறையிட்டாள்.

“கூட்டுல முட்டை இருந்ததுக்கு அத்தாட்சி இருக்குதா?” என்று மரங்கொத்தி கேட்டார்.

“முட்டையே போயிடுச்சுங்களே.”

“அப்ப காலிக் கூடுன்னு எழுதிக்கறேன். காலிக் கூடு வச்சிருக்கறதுக்குத் தனிப் படிவம் இருக்குது. அந்த வரிசைல போய் நில்லும்மா.”

மூன்றாம் வருடம், கூடு கட்டும் காலம் வந்தது. மஞ்சி கணவனிடம் சொன்னாள்.

“ஏனுங்க, இந்த வருசம் நான் அலுவலகத்துப் பக்கமே போகப் போறதில்ல.”

“அப்புறம் எங்க கட்டுவ?”

“வேலிக்கு அந்தப் பக்கம்.”

மினுக்கனுக்கு ஒரு கணம் மினுக்கம் குறைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் இருந்தார்கள்.

ஆனால் மஞ்சி விசாரித்து வைத்திருந்தாள். அங்கே இருந்தவர் சென்னியப்பன். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மலையடிவாரத்தில் தோட்டத்து வீடு கட்டி, மனைவி வசந்தாமணியோடு குடிவந்திருந்தார். நல்ல மனிதர். எறும்பு வரிசை குறுக்கிட்டால் நின்று வழிவிட்டுப் போகிறவர். ஆயுளில் பாதியைக் கோப்புகளைப் பார்த்தே கழித்துவிட்டோம், இனி உயிருள்ள எதையாவது பார்ப்போம் என்று ஒரு கேமரா வாங்கினார். பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் சேர்ந்தார். அதில் மற்றவர்கள் தினமும் கூடும் குஞ்சுமாகப் படம் போட்டார்கள். சென்னியப்பன் எட்டு மாதமாகக் காக்கையைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் அவருக்கு ஒரு கட்டைவிரல்கூடக் காட்டவில்லை.

மஞ்சி அவர் வீட்டு முன்வாசல் தூணில் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியைத் தேர்ந்தெடுத்தாள். முள் இருந்தது, அடர்த்தியாக இலை இருந்தது. சிலந்தி வலை எடுத்து வந்து, நார் எடுத்து வந்து, பத்து நாளில் ஒரு சின்னப் பை போலக் கூட்டைத் தொங்கவிட்டாள். பட்டைத் துணுக்குகளை வெளியே ஒட்டி, குப்பை ஏதோ சிக்கிக்கொண்டிருப்பதுபோல் தோன்றச் செய்தாள். மினுக்கன் பக்கத்தில் உட்கார்ந்து பாடினான்.

சென்னியப்பன் அதைப் பார்த்த அன்று வாசல்படியில் உட்கார்ந்து கண்கலங்கினார்.

“வசந்தா, இங்க வந்து பாரு. நம்மள நம்பி வந்திருக்குது.”

“முன்வாசல்லயா கட்டோணும்? வாசப்படி நெலவுல எல்லாம் எச்சம் போட்டு வைக்கும். நான்தான் தொடைக்கோணும்” என்றாள் வசந்தாமணி.

அன்று முதல் முன்வாசல் கதவு பூட்டப்பட்டது. பால்காரர், தபால்காரர், வீட்டுக்காரி எல்லோரும் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. சென்னியப்பன் தூணுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு நோட்டை எடுத்து அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டார். எட்டு மாதத்தில் முதல் முறையாக அவர் கை எதைச் செய்வதென்று தெரிந்து செய்தது.

மஞ்சி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். கூடு இருக்கும் இடம். தரையிலிருந்து எத்தனை அடி. முட்டைகள் இரண்டு. பெண்பறவை வெளியே போனது 10.20, திரும்பியது 10.41.

“ஏனுங்க, இது அதே படிவமாட்டவே இருக்குதுங்களே” என்றாள் கணவனிடம்.

“சேச்சே. அது அதிகாரத்துல கேக்கறது. இவரு பாசத்துல எழுதறாரு.”

“நான் போற வர்ற நேரம் ரெண்டுலயும் ஒண்ணாத்தான இருக்குது?”

மினுக்கன் பாடினான்.

சென்னியப்பன் தினமும் மாலை நோட்டின் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போட்டார். கட்டைவிரல்கள் வந்தன. இதயங்கள் வந்தன. ‘சார், அருமை’, ‘நீங்கள் கொடுத்து வைத்தவர்’ என்றெல்லாம் எழுதினார்கள். குஞ்சு இரண்டும் பொரித்த அன்று ஐம்பத்தாறு பேர் கைதட்டினார்கள். ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் அவருக்கு இத்தனை பேர் கைதட்டவில்லை. அவர் அதை எண்ணிப் பார்த்தார். எண்ணியதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார். மறுநாளும் எண்ணினார்.

பிறகு அவர்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள். பத்துப் பேர், மூன்று கார், ஆளுக்கொரு முழ நீளக் கேமரா. தலைமை தாங்கி வந்தவர் பல் டாக்டர் மோகனவேல். குழுவை நடத்துபவரும் அவரே. வந்ததும் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி விதியைச் சொன்னார்.

“யாரும் சத்தம் போடக் கூடாது. கிட்டப் போகக் கூடாது. இயற்கைல நாம தலையிடவே கூடாதுங்க.”

பிறகு கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தார். “சார், இந்த இலை மறைக்குது. ஒரு நாலு இலை, நாலே நாலு எடுத்துக்கட்டுங்களா?”

சென்னியப்பன் தயங்கினார். வீடு தேடி வந்தவர்கள். படித்தவர்கள். தன்னைவிடப் பறவைகளை நன்றாக அறிந்தவர்கள். தலையசைத்தார்.

டாக்டருடையது பல் பிடுங்கிப் பழகிய கை. நான்கு இலை என்று ஆரம்பித்து ஒரு கிளையையே எடுத்துவிட்டார். இத்தனை நாள் நிழலில் இருந்த கூட்டின்மேல் வெயில் நேராக விழுந்தது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. பதினொரு கேமராக்களும் படபடத்தன.

மஞ்சி பதறிப் போய்ச் சென்னியப்பனின் காதருகே பறந்து கத்தினாள். “வெட்டிட்டீங்களே! அந்த இலைதானுங்க எங்களுக்குக் கதவு!”

சென்னியப்பன் மெய்மறந்து அதைப் பதிவு செய்தார். ‘தாயின் தாலாட்டு’ என்று தலைப்புப் போட்டுக் குழுவில் ஏற்றினார்.

வேலிக்கு அப்பால் இலந்தைப் புதரில் செம்போத்தும் சாரைப்பாம்பும் இருந்தார்கள்.

“அலுவலகத்துப் பலகைல பாதி எழுத்து அழிஞ்சு கெடக்கும். இங்க பாரப்பா, பதினோரு பேரு கைகாட்டி மரமாட்ட நின்னு வழி காட்டறாங்க” என்றார் செம்போத்து.

“எனக்கு மனுசங்கன்னா பயமுங்க” என்றது பாம்பு. “கண்டாக் கம்பெடுப்பாங்க.”

“உன்னயக் கண்டா கம்பெடுப்பாங்க. என்னயக் கண்டாக் கும்பிடுவாங்க. அதுதான் குடும்பப் பேருன்னு சொல்றது” என்று செம்போத்து சிறகைச் சரிசெய்துகொண்டார்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. குஞ்சுகளுக்குப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் பறந்துவிடும். அந்த இரண்டு நாளைத்தான் மஞ்சி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சென்னியப்பன் வீட்டில் வேறொரு காரியமும் இருந்தது. மகன் ஜெகதீசனுக்கு முப்பத்து நான்கு வயது. ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டிப்போயின. எட்டாவதாக உடுமலையில் பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு. சென்னியப்பன் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு, போகும் முன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தூணெதிரே போய் உட்கார்ந்தார். டாக்டர் கூட்டமும் விடியும்போதே வந்துவிட்டிருந்தது.

செம்போத்து வந்தார். அவர் பறப்பதில் கெட்டிக்காரர் இல்லை. வலப்பக்கத்துச் சுவரில் குதித்து, கொடியில் தொற்றி, கதவு நிலைக்கு மேலாக இடப்பக்கத் தூணை நோக்கி அடிமேல் அடி வைத்து நடந்தார். செங்கல் நிறச் சிறகு, ரத்தச் சிவப்புக் கண். யாரையும் அவர் லட்சியம் செய்யவில்லை.

மஞ்சி அவர் தலையில் கொத்தினாள். கட்டைவிரல் அளவு உடம்பு. அவருக்கு அது ஈ மொய்ப்பதுபோல் இருந்தது.

“ஏம்மா, சட்டப்படி அனுமதி வாங்காமக் கட்டினா இப்படித்தான் ஆகும்” என்றார் செம்போத்து, அன்போடு.

சென்னியப்பனின் நெஞ்சு பதறியது. ஆனால் நெஞ்சு பதறுவதற்கு ஒரு கணம் முன்பே அவர் கட்டைவிரல் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டிருந்தது.

“டாக்டர், விரட்டிடலாங்களா?” என்று கிசுகிசுத்தார்.

“சார்! அசையாதீங்க. இயற்கைல நாம தலையிடக் கூடாது. வெளிச்சம் அருமையா விழுதுங்க.”

நேற்று அந்தக் கிளையை வெட்டியது இயற்கையா என்ற கேள்வி சென்னியப்பனின் தொண்டைவரை வந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனையோ கேள்விகள் அதுவரை வந்து திரும்பியிருக்கின்றன. இதற்கும் வழி தெரிந்திருந்தது. திரும்பிப் போயிற்று.

செம்போத்து கூட்டுக்கு ஒரு முழ தூரத்தில் நின்று கழுத்தை நீட்டினார். மினுக்கன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்.

அப்போது முன்வாசல் கதவு படாரென்று திறந்தது.

தாம்பூலத் தட்டோடு வசந்தாமணி நிலைப்படியில் நின்றாள்.

“வசந்தா, பின்னால போ!” என்று சென்னியப்பன் கையைக் காட்டினார்.

“நல்ல காரியத்துக்கு எவளாச்சும் பின்வாசல் வழியாக் கெளம்புவாளா? ஒரு மாசமாச் சுத்திச் சுத்திப் போனது போதாதா?” என்று சொல்லிக்கொண்டே காலை வெளியே வைத்தவள், மேலே பார்த்தாள். முகம் மலர்ந்தது. “அட, செம்போத்து!”

அடுத்த நொடியே முகம் கறுத்தது. வசந்தாமணி பிறந்த ஊரில் செம்போத்து இடமிருந்து வலம் போனால் போகிற காரியம் ஜெயம். வலமிருந்து இடம் போனால், செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவது நல்லது. இவரோ வலமிருந்து இடமாக நடந்துகொண்டிருந்தார்.

“ஏழு எடம் தட்டிப் போனது பத்தாதா சாமி உனக்கு? திரும்பு. அந்தப் பக்கம் திரும்பு!”

செம்போத்து திரும்பவில்லை. இன்னும் ஓர் அடி இடப்பக்கம் வைத்தார். வசந்தாமணி தட்டைக் கீழே வைத்தாள். கையில் அகப்பட்டது டாக்டரின் கேமரா ஸ்டாண்ட். டாக்டர் கேமராவை மட்டும் பிடுங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“மேடம்! இயற்கைல...”

“அக்கட்டால போங்க தம்பி!”

மூன்று காலும் விரிந்த ஸ்டாண்டை அவள் சுழற்றினாள். செம்போத்து அரண்டு, கூட்டைத் தாண்டி, இடப்பக்கக் கொய்யாமரத்தில் போய் விழுந்தார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். வசந்தாமணிக்கு அப்போதுதான் வயிறு எரிந்தது. முழுசாக வலமிருந்து இடம் போய்விட்டதே! புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொய்யாமரத்தைச் சுற்றி ஓடினாள். அந்தப் பக்கமிருந்து கிளையை உலுக்கினாள். செம்போத்து மீண்டும் தூணுக்கு வந்தார். மஞ்சியின் உயிர் போய் வந்தது. வசந்தாமணி விடவில்லை. ஸ்டாண்ட் அவர் வாலுக்கு ஒரு சாண் பின்னால் வந்துகொண்டே இருந்தது. வாழ்நாளில் இத்தனை தூரம் பறந்திராத செம்போத்து, மூச்சிரைக்க, வாசலின் குறுக்கே இடமிருந்து வலமாக, நேர்கோட்டில், வேலியையும் தாண்டிப் பறந்தார்.

“இந்தம்மாளுக்கு ஆட்சேபணை இருந்தா எழுத்துல குடுத்திருக்கலாமே!” என்று அவர் கத்தியது யாருக்கும் புரியவில்லை.

வசந்தாமணி ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு, அவர் போன திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். தட்டை எடுத்துக்கொண்டாள். “வாங்க, நேரமாகுது” என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அங்கே ஒரு கூடு இருந்ததை அவள் அன்று நினைக்கவே இல்லை.

உடுமலையில் பெண் வீட்டார் சம்மதம் சொன்னார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வேறு மாதிரி நடந்தது. டாக்டர் காணொளியை ஏற்றியிருந்தார். இயற்கையின் ஓட்டத்தில் மனித மூடநம்பிக்கை குறுக்கிட்டதற்கு உதாரணம் என்று கீழே எழுதியிருந்தார். முன்பு இதயம் அனுப்பியவர்கள் இப்போது சிவந்த முகங்களை அனுப்பினார்கள். சென்னியப்பன் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டார்கள்.

விளக்கம் என்ற சொல்லைக் கண்டதும் அவருக்குக் கை நடுங்கியது. செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்குள் மேஜையில் உட்கார்ந்தார். எழுதினார், அழித்தார். காணொளியைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். செம்போத்து கழுத்தை நீட்டும் இடத்தில் படம் கொஞ்சமும் ஆடவில்லை. நடுங்கும் கையுள்ள மனிதன் எடுத்த படம் போலவே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு என்ன வேண்டியிருந்தது, குஞ்சு பிழைக்க வேண்டியிருந்ததா, படம் நன்றாக விழ வேண்டியிருந்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் வரும்போலிருந்தது. அதற்குள், ‘நிகழ்ந்ததற்கு வருந்துகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அவர் அதை எழுதிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் குஞ்சுகள் இரண்டும் கூட்டிலிருந்து பறந்துபோயின. ஒரு மாதம் கண்கொட்டாமல் பார்த்தவர் அதை மட்டும் பார்க்கவில்லை.

மறு வருடம் மீண்டும் கூடு கட்டும் காலம் வந்தது. சென்னியப்பன் முன்வாசலில் தண்ணீர்ச் சட்டி வைத்திருந்தார். தேங்காய் நாரும் பஞ்சும் உதிர்த்துப் போட்டிருந்தார். காகிதப்பூக் கொடிக்கு எரு வைத்து, முன்னைவிட அடர்த்தியாக வளர்த்திருந்தார்.

“நமக்காகத்தான் பண்ணியிருக்காரு, பாவம். நல்ல மனுசன்” என்றான் மினுக்கன்.

“நல்ல மனுசன்தானுங்க. அதுதான் பயமா இருக்குது” என்றாள் மஞ்சி.

அவள் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே வசந்தாமணி கல்யாண வேலையாக நாளுக்கு நான்கு முறை கிளம்பிக்கொண்டிருந்தாள். பத்திரிகை வைக்க, துணி எடுக்க, சமையல்காரரைப் பார்க்க. மஞ்சி துணி காயப்போடும் கொடிக்கம்பியின் ஓரத்தில் முதல் நாரைச் சுற்றினாள்.

“உனக்கு வேற எடமே கெடைக்கலியா? துவைச்ச துணியெல்லாம் நாறடிக்கறதுக்குன்னே வந்திருக்குது மூதேவி!” என்று வசந்தாமணி திட்டினாள். திட்டிக்கொண்டே துணிகளை மறுமுனைக்குத் தள்ளிப் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். எத்தனை அடி உயரம் என்று அவள் பார்க்கவில்லை.

“இந்த வீடுதானுங்க” என்றாள் மஞ்சி.

முட்டையிட்ட மூன்றாம் நாள் சென்னியப்பன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தார். ஜன்னல் வழியாகக் கூடு தெரிந்தது. அப்படியே நின்றார். கை சட்டைப்பைக்குப் போயிற்று. செல்போன் வெளியே வந்தது. மஞ்சி கூட்டுக்குள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு அவர் கட்டைவிரலையே பார்த்தாள்.

அதே சமயம் செல்போன் ஒலித்தது. டாக்டரின் செய்தி. ‘சார், கோபம் எல்லாம் இல்லையே? இந்த வருடம் கூடு உண்டா?’

சென்னியப்பன் கூட்டைப் பார்த்தார், செல்போனைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடம் அலுவலகத்தில் அவர் தவறான தகவல் ஒன்றுகூடத் தந்ததில்லை. ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினார். போய் முன்வாசலில், காலிக் கொடிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

அன்று மாலை கார்கள் வரும் என்று மஞ்சி காத்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆகவே அவள் அவரை நம்பவும் இல்லை.

நீதி: உன்மேல் உயிரையே வைத்திருப்பவர் வீட்டில் கூடு கட்டாதே, அவசரமாக எங்கோ கிளம்பிக்கொண்டிருப்பவர் வீட்டில் கட்டு. அப்படியொரு வீடு அமையாவிட்டால், உனக்காக ஒரு பொய்யாவது சொல்லத் துணிந்தவர் வீடாகப் பார்.